"கிரிஸ்டல் பேலஸ், 1851" என்ற குறிப்பை நம்பலாமா? பழைய கண்காட்சிப் படத்துக்குத் தேதி குறிக்கும் வழி

இணையத்தில் "கிரிஸ்டல் பேலஸ், 1851" என்ற குறிப்போடு சுற்றும் பழைய புகைப்படங்களில் பல 1851இல் எடுத்தவையே இல்லை. எடுத்த இடமும் வேறு. ஆல்பத்தின் ஓரத்தில் யாரோ என்றோ பென்சிலால் கிறுக்கியதை ஏலப் பட்டியலில் அப்படியே போடுவார்கள். அதை ஒருவர் எடுத்துப் பகிர்வார், இன்னொருவர் கட்டுரையில் சேர்ப்பார். பத்து இடத்தில் பார்த்தபின் நமக்கும் அது உண்மை மாதிரியே தோன்றிவிடும்.

19ஆம் நூற்றாண்டுக் கண்காட்சிக் கட்டடங்களின் படங்களைச் சேகரிக்கவோ, எழுத்துக்குப் பயன்படுத்தவோ புதிதாக இறங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குறிப்பைக் கையால் மூடிக்கொண்டு கட்டடத்தைப் பாருங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைக் கூரையும் தூணும் பெரும்பாலும் சொல்லிவிடும். அதற்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. கிரிஸ்டல் பேலஸை வைத்துப் பழகினால் மற்ற கண்காட்சிகளுக்கும் அதே முறை உதவும்.

முன்கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்

லண்டன் ஹைட் பார்க்கில் 1851 மே 1 அன்று உலகக் கண்காட்சி தொடங்கியது. அதற்கான கண்ணாடி மாளிகைதான் கிரிஸ்டல் பேலஸ். அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் அடிப்படையில் தோட்டக்காரர். செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளைக் கட்டிக் கட்டிக் கைதேர்ந்தவர். ஃபாக்ஸ் ஹெண்டர்சன் என்ற ஒப்பந்த நிறுவனம் ஒன்பது மாதத்துக்குள் கட்டி முடித்தது. ஐந்தரை மாதத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை மக்கள் உள்ளே நுழைந்தார்கள். 1852இல் அதைப் பிரித்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நமக்கு வேலையே இல்லை. பிரித்த இரும்பையும் சட்டங்களையும் ஒரு தனியார் கம்பெனி வாங்கி, தெற்கு லண்டனில் சிடன்ஹாம் குன்றின் மேல் திரும்பக் கட்டியது. திரும்ப என்பது பேச்சுக்குத்தான். வடிவமும் அளவும் மாறிவிட்டன. அந்த இரண்டாவது மாளிகையை விக்டோரியா அரசி 1854 ஜூன் 10 அன்று திறந்துவைத்தார். அது 1936 நவம்பர் 30 இரவு எரிந்து போகும்வரை நின்றது.

இப்போது கணக்குப் போடுங்கள். முதல் மாளிகை நின்றது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல், அதுவும் புகைப்படக்கலை குழந்தையாக இருந்த காலத்தில். இரண்டாவது நின்றது 82 ஆண்டு. ஆகவே கையில் ஒரு படம் கிடைத்தால் "இது சிடன்ஹாமாகத்தான் இருக்கும்" என்று தொடங்குங்கள். ஹைட் பார்க் என்பதற்குத்தான் ஆதாரம் தேட வேண்டும்.

படி 1: பெரிய கோப்பைத் தேடி இறக்குங்கள்

கைப்பேசியில் வந்த சின்னப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், இங்கிலாந்தின் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகம் ஆகியவற்றின் தளங்களில் இத்தகைய படங்கள் உண்டு. இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுவதைவிட எடுத்தவரின் பெயரைப் போட்டால் நல்ல படங்கள் வேகமாக வரும். பிலிப் ஹென்றி டெலாமோட், பெஞ்சமின் பிரெக்னல் டர்னர், ஹியூ ஓவன், நெக்ரெட்டி அண்ட் ஜாம்ப்ரா: இந்த நான்கு பெயர்கள் தொடக்கத்துக்குப் போதும்.

இறக்கும்போதே பதிவு எண்ணையும் குறித்து வையுங்கள். பின்பக்கத்தின் படம் கொடுத்திருந்தால் அதையும் இறக்குங்கள். முத்திரை, கடைப் பெயர், பழைய கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும்.

படி 2: அது புகைப்படம்தானா?

1851இல் செய்தித்தாளில் புகைப்படத்தை அச்சிடும் வசதி கிடையாது. புகைப்படத்தைப் பார்த்து மரத்திலோ எஃகிலோ செதுக்கி, அந்தச் செதுக்குப் படத்தைத்தான் அச்சிட்டார்கள். கண்காட்சியின் கூடங்களில் அழகாக உடுத்திய ஆண்களும் பெண்களும் உலாவுவதுபோல் நாம் பார்க்கும் காட்சிகள் பல அந்த வகை. கட்டடம் கேமரா பார்த்தது. மனிதர்கள் செதுக்கியவரின் கைவண்ணமாக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். படத்தைப் பெரிதாக்குங்கள். நிழல் பகுதியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் செதுக்கு. ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் பிற்காலப் புத்தகத்தில் அச்சானது. கோடும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் நிறம் மெதுவாகக் கரைந்து போனால் புகைப்படப் பிரிண்ட்.

படி 3: கூரையைப் பாருங்கள்

பாதிப் படங்களுக்கு இந்த ஒரு படியிலேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டு மாளிகைகளிலும் நீளவாக்கில் ஒரு நடுக்கூடம் ஓடும். அதைக் குறுக்காக வெட்டிப் போகும் பகுதியைக் குறுக்குக் கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஹைட் பார்க்கில் குறுக்குக் கூடம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மட்டும்தான் வளைவுக் கூரை, 108 அடி உயரத்தில். அங்கே நின்றிருந்த பெரிய எல்ம் மரங்களை வெட்டக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியதால், மரங்களை உள்ளே விட்டு மேலே வளைவு எழுப்பினார்கள். நடுக்கூடம் முழுக்கத் தட்டையான கூரை. வெளியிலிருந்து பார்த்தால் படிப்படியாக உள்வாங்கிப் போகும் மூன்று அடுக்கு. தரையும் சமதளம்.

சிடன்ஹாமில் நடுக்கூடத்துக்கும் முழு நீளத்துக்கு வளைவுக் கூரை போட்டுவிட்டார்கள். குறுக்குக் கூடங்கள் மூன்று, நடுவில் இருப்பது மிகப் பெரிது. குன்றுச் சரிவு என்பதால் தோட்டப் பக்கம் கீழே ஒரு தளம் கூடுதலாகத் தெரியும். முன்னால் அகலமான படிக்கட்டு, மேடைத் தோட்டம், வரிசையாகச் சிலைகள்.

ஆக, நடுக்கூடத்தின் கூரை தட்டையா, வளைவா என்பதுதான் முதல் கேள்வி. வளைவு என்றால், குறிப்பில் 1851 என்று எழுதியிருப்பதைத் தைரியமாக அடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஹைட் பார்க் குறுக்குக் கூடத்தின் உள்ளேயே நின்று எடுத்த படத்திலும் தலைக்கு மேல் வளைவுதான் தெரியும். அப்படிச் சந்தேகம் வந்தால் மரத்தைத் தேடுங்கள். தரையிலிருந்து எழுந்து வளைவைத் தொடப் போகும் முழு எல்ம் மரம் இருந்தால் ஹைட் பார்க். பனை வகைகளும், தொங்கும் செடிகளும், கொடிகளுமாக இருந்தால் சிடன்ஹாம். மரங்கள் நிற்க, காட்சிப் பொருள் எதுவும் இல்லாமல் கூடம் வெறிச்சோடிக் கிடந்தால் அது கண்காட்சி முடிந்தபின் எடுத்தது. டர்னர் 1852இல் அப்படி எடுத்திருக்கிறார். எனக்கு அந்தப் படங்கள்தான் மிகப் பிடிக்கும். கூட்டமும் சாமான்களும் போனபின் பாக்ஸ்டன் என்ன கட்டினார் என்பது அவற்றில்தான் முழுசாகத் தெரிகிறது.

இன்னொரு பொறி, கண்ணாடி நீரூற்று. பர்மிங்காமின் ஆஸ்லர் நிறுவனம் செய்த 27 அடி உயர நீரூற்று ஹைட் பார்க்கில் நடுநாயகமாக நின்றது. அதைப் பார்த்ததும் "சரி, 1851" என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் நீரூற்றும் மாளிகையோடு சேர்ந்து சிடன்ஹாமுக்குக் குடிபோனது. எடுத்துச் செல்லக்கூடிய எந்தப் பொருளையும் தனிச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: தூண்களை எண்ணுங்கள்

ஹைட் பார்க் மாளிகை முழுக்க 24 அடிக் கணக்கில் கட்டியது. நீளம் 1,848 அடி. 24ஆல் வகுத்தால் 77. அகலம் 408 அடி; வகுத்தால் 17. குறுக்குக் கூடத்தின் அகலம் 72 அடி, அதாவது மூன்று பங்கு. (கண்காட்சி நடந்த ஆண்டுக்குப் பொருத்தமாக நீளம் 1,851 அடி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அழகான கதைதான், 24ஆல் வகுபடாதே!)

இதனால் என்ன லாபம் என்றால், படத்திலேயே அளவுகோல் இருக்கிறது. உள்ளே எடுத்த படத்தில் வரிசையாக நிற்கும் தூண்களின் இடைவெளிகளை எண்ணி 24ஆல் பெருக்கினால், கேமராவுக்கு எதிரே எவ்வளவு தூரம் தெரிகிறது என்று சொல்லிவிடலாம். வெளிச்சுவரில் மட்டும் கவனம் தேவை. அங்கே ஒவ்வொரு 24 அடியையும் மூன்றாகப் பிரித்து, 8 அடிக்கு ஒரு சட்டம் வைத்தார்கள். எல்லாவற்றையும் தூண் என்று எண்ணினால் கட்டடம் மூன்று மடங்கு நீண்டுவிடும்.

இந்த எண்ணிக்கையில் சிடன்ஹாமுக்கு ஒரு தனி அடையாளமும் கிடைக்கும். முதல் மாளிகையில் தூண்கள் ஒரே நேர்கோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடின. அலுப்பாக இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். அதனால் சிடன்ஹாமின் நடுக்கூடத்தில் 72 அடிக்கு ஒருமுறை ஜோடித் தூண்களை முன்னே தள்ளி நிறுத்தினார்கள். கூரை படத்தில் தெரியாமல் வெட்டுப்பட்டிருந்தாலும், சீரான இடைவெளியில் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஜோடித் தூண்களைப் பார்த்தால் போதும். நடுக் குறுக்குக் கூடத்தின் அகலமும் 120 அடியாகிவிட்டது, அதாவது ஐந்து பங்கு.

படி 5: சிடன்ஹாம் என்று தெரிந்துவிட்டது, ஆண்டு எது?

82 ஆண்டை எப்படிச் சுருக்குவது? கட்டடத்தில் எது எப்போது வந்தது, எது எப்போது போனது என்று ஒரு சின்னப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாரமும் ஏணியும் பாதி எழும்பிய இரும்பு வளைவுகளும் தெரிந்தால் 1852 முதல் 1854 வரை. அந்தக் காலப் படம் என்றால் எடுத்தவர் டெலாமோட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. கட்டுமானத்தைத் தொடர்ந்து படமெடுக்கக் கம்பெனியே அவரை அமர்த்தியது. 160 படங்கள் கொண்ட இரண்டு தொகுதிகளாக 1855இல் வெளிவந்தன. ஒரு பெரிய கட்டடம் எழும்புவதை ஆரம்பம் முதல் கடைசிவரை கேமரா பின்தொடர்ந்த மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. கம்பெனியின் பெருமைக்காக எடுத்தவை என்பதையும் மறக்க வேண்டாம். 1853 ஆகஸ்டில் சாரம் சரிந்து 12 தொழிலாளர்கள் செத்தார்கள்; கம்பீரமான இரும்பு வளைவுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியவராது.

இரண்டு ஓரங்களிலும் உயரமான கோபுரங்கள் நின்றால் 1856 அல்லது அதற்குப் பிறகு. நீரூற்றுகளுக்குத் தண்ணீர் ஏற்றப் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல் வடிவமைத்தவை, ஏறத்தாழ 280 அடி. நடுக் குறுக்குக் கூடத்தில் பிரம்மாண்டமான ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவி தெரிந்தால் 1857 அல்லது அதற்குப் பிறகு. ஹாண்டல் இசைவிழாவுக்காக அந்த ஆண்டு வைத்தார்கள்.

எனக்குத் தெரிந்து மிகக் கூர்மையான அடையாளம் எகிப்தியச் சிலைகள்தான். அபு சிம்பெல் கோயிலின் உட்கார்ந்த மன்னர் உருவங்களைப் போல இரண்டு மாபெரும் சிலைகளை வடக்குக் குறுக்குக் கூடத்தில் வைத்திருந்தார்கள். மாளிகையின் நிற அலங்காரத்தைக் கவனித்த ஓவன் ஜோன்ஸின் கைவண்ணத்தில் பளிச்சென்று நிறம் வேறு. 1866 டிசம்பர் 30 அன்று அந்த வடக்குக் கூடம் தீப்பிடித்து, சிலைகளோடு போய்விட்டது. திரும்பக் கட்டவே இல்லை. எனவே சிலைகள் படத்தில் இருந்தால் அது 1866 முடிவதற்குள் எடுத்தது. வெளிப்புறப் படமாக இருந்தால் குறுக்குக் கூடங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் தீக்கு முன். இரண்டே இருந்து, கட்டடம் ஒரு பக்கம் இழுத்த மாதிரி தெரிந்தால் தீக்குப் பின்.

கூரை எதுவும் இல்லாமல் கோபுரங்கள் மட்டும் நின்றால் 1936க்குப் பிறகு. அந்தக் கோபுரங்களும் 1941க்குள் போய்விட்டன.

படி 6: இடம் வலம் மாறியிருக்கிறதா?

தோட்டப் பக்கத்திலிருந்து மாளிகையைப் பார்த்தால் வடக்கு முனை வலது கையில் இருக்க வேண்டும். அதாவது தீக்குப் பிந்தைய படத்தில் காணாமல் போன கூடம் வலப்பக்கம். இடப்பக்கம் காணவில்லை என்றால், ஒன்று எதிர்ப்பக்கச் சாலையிலிருந்து எடுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிட்டது. கண்ணாடி நெகட்டிவை மாற்றி வைத்து ஸ்கேன் செய்தால் இப்படி ஆகும். தாகுவேரியோடைப் என்ற பழைய வெள்ளித் தகட்டுப் படங்கள் இயல்பிலேயே இடம் வலம் மாறித்தான் இருக்கும். படத்தில் எங்காவது எழுத்துப் பலகை இருந்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

படி 7: எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள்

அசல் பிரிண்ட் கையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். திரையில் பார்ப்பவர்களுக்கும் கொஞ்சம் உதவும்.

கண்ணாடிபோலப் பளபளத்து, சாய்த்தால் வெளிச்சமும் நிழலும் இடம் மாறினால் தாகுவேரியோடைப். 1851க்குப் பொருத்தமான முறை அது. தயவுசெய்து துணியால் துடைத்துவிடாதீர்கள், படமே அழிந்துபோகும். பளபளப்பே இல்லாமல், காகித நாருக்குள் ஊறியதுபோல மென்மையாக இருந்தால் உப்புத்தாள் பிரிண்ட். 1851 கண்காட்சியின் நடுவர் அறிக்கைகளுக்காக ஹியூ ஓவனும் ஃபெரியே என்ற இன்னொரு புகைப்படக்காரரும் எடுத்த 150க்கும் மேற்பட்ட படங்கள் இந்த வகைதான். மெல்லிய தாளில் லேசான மினுமினுப்போடு, வெளிச்சப் பகுதி மஞ்சளடித்து, கெட்டி அட்டையில் ஒட்டியிருந்தால் முட்டை வெண்கருப் பூச்சு போட்ட அல்புமன் பிரிண்ட். சிடன்ஹாம் படங்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான். அட்டையில் இரட்டைப் படமும் நெக்ரெட்டி அண்ட் ஜாம்ப்ரா பெயரும் இருந்தால் சிடன்ஹாம் கம்பெனியின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர்கள் வெளியிட்டது.

கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் பூசி எடுக்கும் முறையை ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851 மார்ச்சில்தான் வெளியிட்டார். கண்காட்சி திறக்க இரண்டு மாதம்கூட இல்லை. தகட்டில் பூச்சு காய்வதற்குள் படமெடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். ஆகவே இருட்டுக் கூடாரத்தையும் ரசாயனப் புட்டிகளையும் கூடவே சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

இந்த முறை மூன்று விதத்தில் நம்மை ஏமாற்றும். முதலாவது, மனிதர்கள். சில விநாடி முதல் நிமிடங்கள் வரை கேமரா திறந்திருந்ததால் நடந்தவர்கள் பதியவே மாட்டார்கள், அல்லது ஆவிபோலக் கோடாகத் தெரிவார்கள். கூடம் காலியாகத் தெரிந்தால் அப்போது ஆளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாவது, வானம். நீல ஒளியை இந்தத் தகடுகள் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும்; மேகமூட்டம் என்று அர்த்தமில்லை. மூன்றாவது, நிறம். புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஹைட் பார்க் மாளிகையின் உள்ளே ஓவன் ஜோன்ஸ் நீலமும் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் அடிக்கச் செய்திருந்தார். அதே தகட்டில் நீலம் வெளிறி வெள்ளைபோல ஆகும், மஞ்சளும் சிவப்பும் கறுத்துவிடும். படத்தை வைத்து "வெள்ளை இரும்பு விட்டங்கள்" என்று எழுதினால், அங்கே இருந்தது நீலமாக இருக்கலாம்.

ஒரு படத்தில் செய்து பார்ப்போம்

டெலாமோட் எடுத்தவற்றில் மேல்மாடத்தின் படம் மிகப் பிரபலம். இரும்பு வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும். கூரை முழுதாகத் தெரியாது, மரமில்லை, சிலையில்லை. ஆகவே மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் கைகொடுக்காது. அப்போது நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது எடுத்தவரின் பெயர், ஆல்பத்தில் அந்தப் பிரிண்டின் இடம், 1855இல் வெளியான தேதி. கட்டடம் பேசாத இடத்தில்தான் ஆவணத்துக்குப் போக வேண்டும். முதலிலேயே ஆவணத்துக்குப் போனால் பென்சில் கிறுக்கலில் மாட்டிக்கொள்வோம்.

மற்ற ஊர்க் கண்காட்சிகள்

முறை அதேதான், பட்டியல்தான் மாறும். கண்ணாடி மாளிகையின் நடுவில் பெரிய குவிமாடம் இருந்தால் லண்டன் இல்லை; 1853இல் திறந்து 1858இல் எரிந்த நியூயார்க் கிரிஸ்டல் பேலஸாக இருக்கலாம். பாரிஸ் படத்தில் ஈஃபிள் கோபுரம் அரைகுறையாக நின்றால் 1887 ஜனவரிக்கும் 1889 மார்ச்சுக்கும் இடையே. அங்கே இருந்த எந்திரக் கூடம் தூணே இல்லாமல் 110 மீட்டருக்கு மேல் அகலம் தாண்டியது. 1910 வாக்கில் இடித்துவிட்டார்கள். 1893 சிகாகோ படங்களில் பளிங்கு மாளிகைகளாகத் தெரிபவை பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தும் நாரும் கலந்து பூசியவை. அங்கே ராட்டினச் சக்கரம் முழுமையாகாமல் தெரிந்தால் ஜூன் 21க்கு முன் எடுத்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கண்காட்சிக் கட்டடம் 1880 முதல் இன்றும் நிற்கிறது. பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பழக அதைவிட வசதியானது இல்லை.

நம் ஆட்கள் 1851 படங்களில் இந்தியப் பகுதியைத் தேடுவது இயல்பு. அம்பாரியோடு நின்ற பாடம்செய்த யானையைப் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அம்பாரி இந்தியாவிலிருந்து வந்தது, யானை ஆப்பிரிக்க யானை. பாடம்செய்த இந்திய யானை கிடைக்காததால் இங்கிலாந்தின் ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்திலிருந்து அதை வரவழைத்தார்கள். குறிப்பில் "இந்திய யானை" என்று போட்டிருப்பார்கள்.

படி 8: சொந்தக் குறிப்பு எழுதுங்கள், திருத்தம் அனுப்புங்கள்

ஒற்றை ஆண்டைத் துணிச்சலாகப் போடுவதைவிட வரம்பைப் போடுவது நல்லது. இந்த மாதிரி: "கிரிஸ்டல் பேலஸ், சிடன்ஹாம், தோட்டப் பக்கம். 1856க்கும் 1866 டிசம்பருக்கும் இடையே. அல்புமன் பிரிண்ட். ஆதாரம்: இரு கோபுரங்களும் மூன்று குறுக்குக் கூடங்களும் தெரிகின்றன." பழைய குறிப்பு தவறு என்றாலும் அதை அழித்துவிடாமல், அட்டையில் இப்படி எழுதியிருக்கிறது என்று தனியாகச் சேர்த்து வையுங்கள். அந்தப் பென்சில் எழுத்தும் படத்தின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

படத்தை வெளியிடுவதாக இருந்தால் உரிமையையும் பாருங்கள். டெலாமோட் 1889இல் இறந்துவிட்டார், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் டிஜிட்டல் பிரதிக்குச் சில காப்பகங்கள் தங்கள் நிபந்தனைகளை வைக்கின்றன. கெட்டியும் மெட்ரோபாலிட்டனும் இத்தகைய பல படங்களை இலவசமாகப் பயன்படுத்த விடுகின்றன. அந்தந்தப் படத்தின் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள்.

காப்பகத்தின் பதிவிலேயே தேதி தவறு என்று பட்டால் அவர்களுக்கு எழுதலாம். "உங்கள் தேதி தப்பு" என்று மட்டும் எழுதினால் வேலைக்காகாது. படத்தின் எந்த மூலையில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். அதே கட்டடத்தின் தேதி உறுதியான இன்னொரு படத்தின் பதிவு எண்ணையும் கூடவே கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு வேண்டியது அதுதான்.